புதுப்பிப்பு: ஓடையில் ஷூவோடு இறங்குவதா, செருப்பு மாற்றுவதா?

நடைப்பயணத்தில் ஓடையைக் கடக்கும்போது போட்டிருக்கும் ஷூவோடே இறங்குவதா, செருப்புக்கு மாறுவதா என்று முன்பு கேட்டிருந்தேன், பயணம் முடிந்தது. வலைத்துணி வைத்த ட்ரெய்ல் ரன்னரோடு (கரடுமுரடான பாதையில் ஓடுவதற்கான லேசான ஷூ) அப்படியே இறங்கினேன். கரையேறி நாலு எட்டு வைப்பதற்குள் துணி வழியே தண்ணீர் நுரைத்து வெளியேறிவிடுகிறது. வாட்டர்ப்ரூஃப் ஷூவில் மேல்வழியாகப் புகுந்த தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். குதிகால் வார் இல்லாத செருப்பு வேண்டவே வேண்டாம். கூட வந்தவருடைய ஒன்றை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது, பாவம்.

ஷூவைவிட உதவியது ஊன்றுகோல்தான். முழங்கால் அளவுத் தண்ணீரில் பாசிபடிந்த கல் வழுக்கியபோது அதுதான் தாங்கியது. இறங்குமுன் பையின் இடுப்புப் பட்டை, நெஞ்சுப் பட்டை இரண்டையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உடனே உதறிவிட்டு எழ வேண்டும். தூங்கும்போது போட ஒரு ஜோடி கம்பளி சாக்ஸை நனையாமல் வைத்திருந்தேன். அவ்வளவு இதம்!