காலையில் இறங்கி நிற்கும் பழைய சொகுசு எஸ்யூவி: கம்ப்ரசர் மாற்றத்தான் வேண்டுமா?

மலைப்பாதை (கேட்டவர்):

வணக்கம். பழைய சொகுசு எஸ்யூவி ஒன்று வாங்கியிருக்கிறேன். டீசல், ஆல் வீல் டிரைவ், நான்கு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள்). 9 வருடப் பழசு, 1,10,000 கி.மீ. ஓடியது. எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் ஒரு குறையும் இல்லை, ஓட்ட அவ்வளவு சுகமாக இருக்கிறது. ஆனால் ராத்திரி நிறுத்தினால் காலையில் வண்டி நன்றாக இறங்கி நிற்கிறது. ஸ்டார்ட் செய்ததும் அதற்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசர் வெகுநேரம் உறுமி, மெதுவாகத் தூக்குகிறது. சில சமயம் சஸ்பென்ஷன் எச்சரிக்கை எரிகிறது, வண்டியை அணைத்துவிட்டுப் போட்டால் போய்விடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள். வண்டிக்குக் கொடுத்த விலையை நினைத்தால் அந்தத் தொகை மலைப்பாக இருக்கிறது. கம்ப்ரசர்தான் காரணமா? அப்புறம், இந்த வயது வண்டியில் அடுத்து என்னென்ன செலவுக்குத் தயாராக இருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

இப்போதைக்கு கம்ப்ரசரை மாற்றாதீர்கள் நண்பரே. வண்டி நிற்கும்போது கம்ப்ரசருக்கு வேலையே இல்லை. உள்ளே இருக்கும் காற்று வெளியே போனால்தான் வண்டி இறங்கும். அதாவது எங்கோ கசிகிறது. அந்தக் கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் தினமும் கூடுதலாக ஓடி, சூடேறி, தேய்ந்துகொண்டிருக்கிறது. கசிவை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரசர் போட்டால் அதுவும் இதே கதிக்குத்தான் போகும்.

ஸ்கேனரில் வந்த எரர் கோடு என்ன என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அது ‘குறித்த நேரத்துக்குள் அழுத்தம் ஏறவில்லை’ என்ற பொருளில்தான் இருக்கும். கம்ப்ரசர் பலவீனமானாலும் அதே கோடு வரும், காற்று கசிந்தாலும் அதே கோடு வரும். கோடை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சில வண்டிகள் நிறுத்திய பிறகும் அவ்வப்போது விழித்து, எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அந்த மட்டத்துக்கு மற்ற மூன்றையும் இறக்கிவிடும். அதனால்தான் காலையில் நான்கு பக்கமும் ஒரேயடியாக இறங்கியது போலத் தெரியும், குற்றவாளி யார் என்று தெரியாது. சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஏர் சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். எது என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். காலையில் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்து ஏர் பெல்லோ (காற்று நிற்கும் ரப்பர் பை) அல்லது அதற்குப் போகும் குழாய் இணைப்புதான் காரணம். ஒரே அச்சில் இரு பக்கமும் இறங்கியிருந்தால், ஒவ்வொரு மூலைக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வ் பிளாக் மீது சந்தேகப்படலாம். எந்த மூலை என்று தெரிந்ததும், வண்டியை உயரமான நிலையில் வைத்து, பெல்லோவின் ரப்பர் மடிப்பிலும் குழாய் சேரும் இடத்திலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி காட்டிக்கொடுத்துவிடும். வண்டிக்கு அடியில் கையோ தலையோ விடுவதாக இருந்தால் ஸ்டாண்ட் போடாமல் விடவே கூடாது. காற்று போனால் மொத்த எடையும் சட்டென்று இறங்கிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் பேட்டரியைப் பாருங்கள். சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் இந்த வண்டிகள் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகளை எல்லாம் காட்டும். எரிந்து மறையும் எச்சரிக்கைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நெடுஞ்சாலை:

ஏர் சஸ்பென்ஷனை மொத்தமாகக் கழற்றிவிட்டு சாதா காயில் ஸ்பிரிங் போட்டுவிடலாமே? தொல்லை ஒழியும்.

பட்டறைக்காரன்:

போடலாம், கிட் கிடைக்கிறது. எனக்கு அதில் விருப்பம் இல்லை. உயரத்தை மாற்றும் வசதியும், சுமை ஏற்றினால் மட்டம் சரி செய்துகொள்வதும் போய்விடும். டேம்பரும் (ஷாக் அப்சார்பர்), வண்டி நிலைதடுமாறாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கட்டுப்பாடும் அந்த உயரக் கணக்கை நம்பியே அமைக்கப்பட்டவை. பின்னால் விற்கும்போதும் வாங்குபவர் தயங்குவார். பெல்லோ என்பது டயர் மாதிரி தேய்கிற பொருள் என்று எடுத்துக்கொண்டால் இவ்வளவு வெறுப்பு வராது.

நீலவண்டி:

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்குச் சொல்கிறேன். வயதாக ஆக வண்டியின் விலைதான் இறங்கும், உதிரிபாகத்தின் விலை இறங்காது. புதிதாக என்ன விலைக்கு விற்ற வண்டியோ அந்தத் தகுதிக்குத்தான் பராமரிப்பும் கேட்கும். அதனால் நீங்கள் கொடுத்த விலையோடு பில்லை ஒப்பிட்டுப் பார்க்கவே வேண்டாம். ஒரு பெரிய வேலைக்கு ஆகும் தொகையை எப்போதும் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

என் அனுபவத்தில் முதல் கவனம், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். இந்த வயதில் பிளாஸ்டிக் குழாய்களும் டீ இணைப்புகளும் வெப்பத்தில் வெந்து மொறுமொறுப்பாகிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூலண்ட் அளவு கொஞ்சம் குறைந்தாலும் ‘ஊற்றிக்கொண்டால் போயிற்று’ என்று விடாதீர்கள். ஒருமுறை ஓவர்ஹீட் ஆகி அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்தால், அந்தச் செலவுக்கு முன்னால் கம்ப்ரசர் செலவு ஒன்றுமே இல்லை.

அடுத்து கியர்பாக்ஸ் ஆயில். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று சொல்வார்கள். பல சொகுசு எஸ்யூவிகளில் இருக்கும் 8 கியர் ஆட்டோமேட்டிக்கைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. உங்கள் வண்டி இரண்டு கணக்கிலும் வருகிறது. அந்தக் கியர்பாக்ஸில் பெரும்பாலும் ஃபில்டரும் பிளாஸ்டிக் ஆயில் பேனும் ஒரே பாகம், சேர்த்தே மாற்ற வேண்டும். முன், பின் சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலையும் அதோடு பார்த்துவிடுங்கள்.

டயர் நான்கும் ஒரே மாதிரி, ஒரே அளவு தேய்மானத்தில் இருக்கட்டும். இரண்டு புதுசு இரண்டு பழசு என்று ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிபடும். டீசல் என்பதால் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் எடுத்துப் போய் நிறுத்தாதீர்கள், டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சேர்ந்த கரியை எரித்து முடிக்க நல்ல வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். அந்த எரிப்பு பாதியிலேயே நின்றுகொண்டிருந்தால் எஞ்சின் ஆயிலில் டீசல் கலக்கும். சன்ரூஃப் இருந்தால் வடிகால் குழாய்களைச் சுத்தம் செய்யுங்கள். அடைத்துக்கொண்டால் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் தேங்கும், சில வண்டிகளில் கன்ட்ரோல் யூனிட்கள் அங்கேதான் இருக்கின்றன.

மலைப்பாதை:

இருவருக்கும் மிக்க நன்றி. பேட்டரி நன்றாக இருக்கிறது. ஃபியூஸைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். முன்பக்க இடது மூலை மட்டும் நன்றாக இறங்கியிருந்தது, மற்றவை அப்படியே நின்றன. பெல்லோ மடிப்பில் சோப்புத் தண்ணீர் பட்டதும் குமிழி வந்தது, ரப்பரில் நுண்ணிய வெடிப்புகள். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

பட்டறைக்காரன்:

முன்பக்கம் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே வெயிலும் சேறும் பார்த்தவை, வலதும் சீக்கிரமே வெடிக்கும். பெல்லோ மாற்றியதும் கம்ப்ரசர் எவ்வளவு நேரத்தில் தூக்குகிறது என்று கவனியுங்கள். சட்டென்று தூக்கினால் அதைத் தொட வேண்டாம். கம்ப்ரசருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேவை மட்டும் புதுசாகப் போடுங்கள், சின்னச் செலவுதான். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகிவிடும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை செய்பவரிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜாக்கி போடும் முன் வண்டியை ஜாக் மோடில் வைக்க வேண்டும், இல்லையென்றால் சிஸ்டம் தானாக உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். மாட்டியதும் வண்டியை அப்படியே கீழே இறக்கிவிடக் கூடாது. ஸ்கேனர் மூலம் புதுப் பெல்லோவில் முதலில் காற்று ஏற்றி, அதன் பிறகுதான் எடையை மெதுவாக அதன்மேல் விட வேண்டும். காற்றில்லாத பெல்லோ மீது எடை உட்கார்ந்தால் ரப்பர் தாறுமாறாக மடிந்து, புதுசே முதல் நாளில் கிழிந்துபோகும்.