உளவியலாளரிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

தராசுக்காரன் எழுதியது:

எனக்கு 34 வயது. தர்மபுரம் பக்கம் வீடு. கிளிநொச்சியில் ஒரு வங்கியின் அடகுப் பகுதியில் வேலை. யாருடைய தாலிக்கொடி எந்த உறையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருவரின் கதையை இன்னொருவரிடம் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் கேள்வியும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

2009இல், கடைசிப் போர் நேரம், எனக்குப் பதினேழு பதினெட்டு வயது. எங்கே இருந்தேன் என்று இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மே மாதம் வெளியே வந்து, மனிக் பாம் முகாமில் இருந்து, ஊர் திரும்பி, படித்து, வேலை எடுத்து, கல்யாணமும் முடித்தாயிற்று. நித்திரை மட்டும் ஒழுங்காக வருவதில்லை. இரவு இரண்டரைக்கு முழிப்பு வரும், எழும்பிப் போய்க் கிணற்றுக்கட்டில் இருப்பேன். அதை ஒரு வருத்தம் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் ஒழுங்கையில் அந்த நேரத்தில் லைட் எரிகிற வீடு இன்னும் மூன்று இருக்கிறது.

போன மாதம் ஒன்று நடந்தது. ஏழு வயது மகளோடு ஒளித்துப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். கூப்பிட்டேன், சத்தமில்லை. விளையாட்டு என்று தெரியும். குனிந்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். அதற்குப் பிறகு நடந்தது மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலைப் பிடித்து இழுத்திருக்கிறேன். கத்தியிருக்கிறேன். பிள்ளையின் முழங்கை சீமெந்து நிலத்தில் உரசி இரத்தம். இப்போது அவள் என்னை விளையாடக் கூப்பிடுவதில்லை. தாய் கேட்டதற்கு "அப்பாவுக்குத் தலையிடிக்கும்" என்றாளாம்.

நெஞ்சுப் படபடப்புக்கு ஏற்கனவே ஒரு டொக்டரிடம் போயிருக்கிறேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, யோசிக்காமல் இருங்கோ என்றார். மாமி முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். கையில் நூலும் கட்டியிருக்கிறது.

வவுனியாவில் தனியாக அறை எடுத்து உளவியலாளர் ஒருவர் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு அழைத்தேன். ஓர் அம்மா எடுத்து, "சொல்லுங்கோ, என்ன விசயம்?" என்றார். எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. பிழையான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்றோடு பதினொரு நாள்.

போனவர்கள் யாரும் இருந்தால் சொல்லுங்கள். முதல் நாள் என்ன கேட்பார்கள்? 2009இல் நடந்ததை அன்றைக்கே சொல்ல வேண்டுமா? அந்தக் கதையை நான் யாருக்கும் சொன்னதில்லை, இங்கும் எழுதப் போவதில்லை. சொன்னால் அது அந்த அறைக்குள்ளேயே நிற்குமா? மகளை இழுத்ததைச் சொன்னால் பொலிசுக்குப் போகுமா? எவ்வளவு காசு முடியும்?

கண்டாவளைக் காற்று எழுதியது:

தம்பி, காசை ஏன் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள்? மாவட்ட வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் நடக்கிறது, ஒரு சதமும் தேவையில்லை. பிரதேச செயலகத்திலும் உளவளத்துணைக்கு ஆள் இருக்கிறார்கள். முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

தராசுக்காரன் எழுதியது:

அண்ணா, இலவசம் என்று தெரியும். ஆனால் அந்தக் கிளினிக் வாங்கில் இருக்கிற பாதிப்பேரை எனக்கு அடகு இலக்கத்தோடு தெரியும். நாளைக்கு நகை மீட்க வருகிறவர் என் தராசை நம்புவாரா?

கண்டாவளைக் காற்று எழுதியது:

அதே வாங்கில் இருக்கிறவர் உங்களைக் கண்டதும், ஐயோ வங்கிக்காரத் தம்பி கண்டுவிட்டானே என்றுதான் பயப்படுவார். நான் அதில் மூன்று வருடம் இருந்தவன். முதல் இரண்டு மாதம் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். பிறகு நெல் விலை கதைத்தோம். சரி, உங்கள் இஷ்டம். வவுனியா போனாலும் போங்கள், போகாமல் மட்டும் விடாதீர்கள்.

சின்ன ரீச்சர் எழுதியது:

தம்பி, நான் முல்லைத்தீவுப் பக்கம். ஒரு வருடத்துக்கு மேல் தனியாரிடம்தான் போனேன். எனக்கு அண்ணாவின் விசயம். இன்னும் தேடுகிறோம், அவ்வளவு போதும்.

உங்கள் பெரிய கேள்விக்கு முதலில் பதில்: இல்லை, சொல்லத் தேவையில்லை. நான் முதல் ஐந்து தடவையும் பள்ளிக்கூட மணியைப் பற்றித்தான் கதைத்தேன். எங்கள் பள்ளியில் மணி என்பது மரத்தில் கட்டிய தண்டவாளத் துண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் அதை அடிக்கும்போது என் தோள் இரண்டும் காதுவரை ஏறும். பிள்ளைகள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஐந்து கிழமை காசு கட்டி மணியைப் பற்றிக் கதைக்கிறேனே என்று எனக்கே வெட்கம். என்னைப் பார்த்த அந்த உளவியலாளர்ப் பிள்ளை (என்னைவிட வயது குறைந்தவர், அதனால் பிள்ளை என்கிறேன்) ஒருநாளும் "சரி, இனி விசயத்துக்கு வாங்கோ" என்று சொன்னதில்லை. அண்ணாவின் பெயரை நான் அங்கே சொன்னது நாலாம் மாதம்.

முதல் நாள் ஒரு படிவம் தந்தார். பெயர், வயது, குடிக்கிற மருந்து, நித்திரை, சாப்பாடு, வீட்டில் யார் யார். பிறகு ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள். கடந்த 2 கிழமையில் இது எத்தனை நாள் இருந்தது என்று பார்த்து 0 முதல் 3 வரை போட வேண்டும், மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, இருப்பதைவிடச் செத்தால் நல்லது என்ற யோசனை வந்ததா என்பது. நான் 0 போட்டேன். அது பொய். மூன்றாம் கிழமை நானாகவே போய்த் திருத்திக் கொடுத்தேன். கணக்கு ரீச்சரான எனக்கு அந்த மாற்றம் பெரிய வெட்கம், ஆனால் அவர் பேப்பரில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தண்ணீர்தான் ஊற்றித் தந்தார்.

இன்னொன்று. நான் முதலில் போனது அவரிடமில்லை, வேறொருவரிடம். அவர் இருபது நிமிடம் தானே கதைத்தார். "வன்னியில் எல்லாருக்கும் நடந்ததுதானே ரீச்சர்" என்றார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. சரிவராவிட்டால் மாறலாம் தம்பி, அது துரோகமில்லை. போகுமுன் என்ன படித்தீர்கள், போர் கண்ட ஆட்களோடு வேலை செய்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். நகையை உரைத்துப் பார்க்காமல் நீங்கள் காசு கொடுப்பீர்களா?

காசு: ஒரு தடவைக்கு 3,500 கொடுத்தேன், ஐம்பது நிமிடம். பஸ் காசு வேறு. இரண்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஆக்கினோம். நடுவில் போனிலும் கதைத்தோம். பாடசாலைக் களஞ்சிய அறையில்தான் சிக்னல் கிடைக்கும், பழைய கதிரைகளுக்கு நடுவில் இருந்து அழுதிருக்கிறேன்.

அழைக்கும்போது ஒரு வசனம் போதும்: "நித்திரை வருவதில்லை, ஒரு நேரம் வேண்டும்." மிச்சத்தை ஒரு துண்டில் எழுதிப் பொக்கற்றில் வையுங்கள். வாய் கட்டினால் துண்டை நீட்டலாம்.

நெடுங்கேணி எழுதியது:

உளவளத்துணை வேலையில் இருக்கிறேன், இந்தத் திரியில் விட்டுப்போன இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன்.

உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. கதைத்துத்தான் சிகிச்சை. மருந்து தேவை என்று பட்டால் உளமருத்துவரிடம் அனுப்புவார். மருந்தும் எடுத்து, கதைக்கவும் போகிறவர்களும் உண்டு. அப்போது நீங்கள் பயப்படுகிற அந்த வாங்குக்கே போக வேண்டி வரலாம், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ரீச்சர் ஐந்து கிழமை மணியைப் பற்றிக் கதைத்தது வீண்போகவில்லை. இப்படியான மனவடுவில் நல்ல சிகிச்சையாளர் எடுத்தவுடன் கதையைத் தோண்டமாட்டார். முதலில் நித்திரை, மூச்சு, படபடப்பு வரும்போது காலடியில் நிலம் இருப்பதை உணர்வது, இவற்றைத்தான் பழக்குவார். நடந்ததைச் சொல்வது பிறகு, உங்கள் கையில் பிறேக் இருக்கும்போது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கென்று பரிந்துரைத்த முறைகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, மனவடுவை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது யோசனையையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது. மற்றது, கண்ணை அசைத்தபடி நினைவைத் தொடும் ஈ.எம்.டி.ஆர். இவற்றில் பயிற்சி உண்டா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். கேட்டதற்குக் கோபிக்கிறவரிடம் போக வேண்டாம்.

இரகசியம் பற்றி. அறைக்குள் சொன்னது அங்கேயே நிற்கும். விதிவிலக்கும் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, பிள்ளைக்குத் தொடர்ந்து தீங்கு. மகளின் விசயத்தில் ஒன்றும் நடக்காது என்று நான் இங்கிருந்து உறுதி தர முடியாது. ஆனால் பயந்து ஒருமுறை இழுத்துவிட்டு, இனி நடக்கக்கூடாது என்று உதவி தேடி வருகிற தகப்பனுக்கு உதவுவதுதான் அந்த வேலையே. முதல் நாள் வாய் திறக்குமுன் "எதை வெளியே சொல்வீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். நல்லவர் என்றால் நீங்கள் கேட்குமுன்னே சொல்லிவிடுவார்.

மகளோடு கதைக்க வவுனியா போய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். "அப்பா பயந்துபோய் இழுத்துவிட்டேன், உன்னில் பிழையில்லை." ஏழு வயதுக்கு அது போதும், பதில் எதிர்பார்க்காதீர்கள்.

ஏதாவது இரவில் கிணற்றுக்கட்டில் இருக்கும்போது யோசனை வேறு பக்கம் போனால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

தராசுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத நாலு நாளாகிவிட்டது.

மகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான் நித்திரை கொள்ளவில்லை, சும்மா நடிச்சனான்" என்றாள். அவ்வளவு நாளும் அவள் அதைத்தான் சொல்ல நினைத்திருக்கிறாள் போல. நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

இன்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அழைத்தேன். அதே அம்மாதான். ரீச்சர் சொன்ன வசனத்தைச் சொன்னேன். என்ன விசயம் என்று இந்த முறை கேட்கவில்லை, எந்த நாள் வசதி என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை பத்தரை. மனைவிக்குச் சொல்லிவிட்டேன், மாமிக்கு வங்கி வேலை என்று சொல்லியிருக்கிறோம். துண்டு எழுதியாயிற்று, நாலு வரி. மூன்றாவது வரியை இரண்டு தடவை வெட்டி எழுதினேன்.

மகளுக்கு வவுனியா என்று மட்டும் தெரியும். வரும் வழியில் முறிகண்டியில் கச்சான் வாங்கி வரட்டாம். வறுத்ததுதான் வேண்டுமாம், அவித்தது வேண்டாமாம்.

கண்டாவளைக் காற்று எழுதியது:

சனிக்கிழமை ஏ9 பஸ்ஸில் இடம் கிடையாது தம்பி. ஆறு மணிக்கே பரந்தனில் நில்லுங்கள்.