நாற்பது பக்கம் எழுதியும் மேஸ்திரியின் கைப்பக்குவம் பையன்களுக்கு வரவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி:
கோவையில் ஒரு பவுண்டரியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பம்ப் பாடி வார்க்கிறோம், கிரீன் சாண்ட் மோல்டிங், அதாவது ஈர மணலில் அச்சு செய்து உருக்கிய உலோகத்தை ஊற்றுவது. முப்பது வருடம் மணலோடு இருந்த மேஸ்திரி அண்ணன் இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு பெறுகிறார், அவருக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதி வாங்கிவிடு என்று மேலே சொன்னார்கள். மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினேன். அவர் எதையும் மறைக்கவில்லை, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகச் சொன்னார். ஆனால் அவர் லீவில் இருந்த வாரம், அதைப் பார்த்தே பையன்கள் மணல் கலந்ததில் வார்ப்பில் ஒரே புளோ ஹோல், காற்று அடைத்த ஓட்டைகள். பதம் எப்படித் தெரியும் என்று கேட்டால் "கையில புடிச்சா தெரியும் கண்ணு" என்கிறார். இதை எப்படி எழுதுவது?

பதில் 1:
அவர் சொன்னதுதான் உண்மையான பதில். சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி 1966-லேயே எழுதினார். டாசிட் நாலெட்ஜ் என்பது அதுதான். 1980-களில் ஜப்பானின் மட்சுஷிதா கம்பெனி வீட்டு ரொட்டி மெஷின் செய்தபோது ரொட்டி மேலே கருகி உள்ளே வேகாமல் வந்தது, மாவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. இகுகோ தனாகா என்ற மென்பொருள் பொறியாளர் ஒசாகாவில் ஓர் ஓட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் வேலை பழகினார். ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பது அங்கேதான் தெரிந்தது. அதற்கேற்ப மெஷினுக்குள் வரிவரியாக மேடு வைத்தார்கள், 1987-ல் விற்பனைக்கு வந்தது. உங்கள் பையன்களுக்குத் தாளைக் கொடுத்தீர்கள், அண்ணனைக் கொடுக்கவில்லை.

பதில் 2:
நானும் பவுண்டரிதான், கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் கைப்பக்குவம் என்று விட்டுவிடாதீர்கள். ஈரம் 3 முதல் 4 சதவீதம், கம்பேக்டபிலிட்டி (மணல் எவ்வளவு அமுங்குகிறது என்ற அளவு) சுமார் 40 சதவீதம், இதெல்லாம் அளக்கலாம், உங்கள் நாற்பது பக்கத்தில் இந்த எண்கள் இருக்கிறதா? முதலில் அதை முடியுங்கள். அப்புறம் மிச்சம் இருப்பதுதான் அவருடைய வித்தை. வார்த்து உடைத்துத் திரும்பி வரும் மணல் சூடாக இருந்தால் மீட்டர் சரியாகத்தான் காட்டும், அச்சுக்குப் போவதற்குள் ஈரம் பறந்துவிடும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பிடி அள்ளி இறுக்கி என் கையில் வைப்பார். விரல் தடம் நிற்கிறதா, இரண்டாக ஒடித்தால் விளிம்பு உதிராமல் ஒடிகிறதா, உள்ளங்கையில் ஒட்டுகிறதா, அவ்வளவுதான் கேட்பார். சரியான மணல், கெட்ட மணல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தே பழக்கினார்.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். ஜெராக்ஸ் கம்பெனியில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் மெஷின் பழுது பார்ப்பவர்களோடு சுற்றினார். மேனுவலில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் கதையாகச் சொல்லித்தான் ஒருவருக்கொருவர் கற்றுக்கொண்டார்கள். ஆகவே அண்ணனிடம் "எப்படிச் செய்வீர்கள்" என்று கேட்காதீர்கள். "எந்த நாள் ரொம்ப மோசமாகப் போச்சு" என்று கேளுங்கள், பையன்களும் கூட இருக்கட்டும்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு பையனை முழு ஷிப்டும் அண்ணன் பக்கத்தில் நிறுத்தினேன். தண்ணீர் திறப்பதற்கு முன்னால் அண்ணன் ஒவ்வொரு தடவையும் மிக்சருக்குள் எட்டிப் பார்த்து ஓரத்தில் மணல் ஒட்டுகிறதா என்று கவனிக்கிறார் என்று அவன் வந்து சொன்னான். மூன்று வாரத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. திங்கள் முதல் இரண்டு பையன்கள் அவரோடுதான், காலையில் ஒரு மணி நேரம் நானும் மணல் பிடிக்கப் போகிறேன்.