அல்லி இலை எல்லாம் மஞ்சளாகி முழுகுது, அவசரம்

புதுக்குட்டை (மே 23)
அல்லி இலை ஒன்னொன்னா மஞ்சளாகி அடியில போய் அழுகுது. போன மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சு. உர மாத்திரை ரெண்டு வச்சேன், தண்ணி பச்சையானதுதான் மிச்சம். செத்துப்போச்சா? என்ன போடணும்? சீக்கிரம் சொல்லுங்க.

மீன்பித்தன்
கோய் மீன் இருக்கா? வேற காரணமே தேட வேண்டாம். கிழங்கைப் பேத்து எடுத்துடும். தொட்டி மண்ணு மேல கூழாங்கல் பரப்புங்க.

புதுக்குட்டை
மீனே இல்லைங்க.

மீன்பித்தன்
முன்னாடி இருந்துச்சா?

சாட்ஸ்வர்த் அக்கா
தம்பி, எந்த ஊரு? எவ்வளவு ஆழம்? வெயில் எத்தனை மணி நேரம் படும்? பூ மிதக்குமா, காம்போட தூக்கி நிக்குமா? ஒன்னும் சொல்லாம மருந்து கேட்டா எப்படி? என் குட்டையில மே மாசமும் இலை பச்சையாத்தான் இருக்கு.

பம்புக்காரன்
ஃபவுண்டன் உண்டா? இலை மேல தண்ணி தெறிச்சுக்கிட்டே இருந்தா அல்லிக்கு ஆகாது.

குளத்துமணி
இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதுறது. தேடிப் பாக்குற பழக்கம் யாருக்கும் இல்ல. முதல்ல அது அல்லியா தாமரையான்னாவது தெரியுமா? இலையில ஒரு பக்கம் வெட்டு இருந்தா அல்லி.

புதுக்குட்டை
வெட்டு இருக்கு. ஊரு லெனேசியா. ரெண்டடி ஆழம். சிவப்புப் பூ, மிதக்கும். நர்சரியில ஹார்டின்னு சொல்லிக் குடுத்தாங்க. ஹார்டின்னா சாகாதுதானே?

குளத்துமணி
லெனேசியான்னு முதல்லயே சொல்றதுக்கென்ன? நம்ம தென்னாப்பிரிக்காவுல மே மாசம் குளிர் ஆரம்பம், ஜொகன்னஸ்பர்க் பக்கம் உறைபனி தொடங்குற நேரம் இது. ஹார்டின்னா குளிர் தாங்குற வகை, குளிருக்கு இலையை விட்டுட்டுக் கிழங்கா தூங்கும். மேல மெல்லிசா பனிக்கட்டி படிஞ்சாலும் அடியில இருக்குற கிழங்கு பிழைக்கும். எடுத்து அமுக்கிப் பாருங்க. உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியா இருந்தா உயிர் இருக்கு. கொழகொழன்னு நாறினா, கெட்டியான இடம் வர்ற வரைக்கும் வெட்டி எறிங்க. திரும்ப நடும்போது களிமண் கலந்த தோட்ட மண்ணு போடுங்க, பையில விக்குற கலவை மிதந்துடும். கிழங்கைச் சாய்ச்சு வச்சு, குருத்து மண்ணுக்கு வெளிய தெரியணும். உரம் இனி செப்டம்பர்ல துளிர் வந்தப்புறம். இப்ப வச்சது பாசிக்குத்தான் விருந்து.

சாட்ஸ்வர்த் அக்கா
அப்ப என்னோடது ஏன் தூங்கல? நீலம், தூக்கி நிக்கும்.

குளத்துமணி
அது இந்த நாட்டு நீல அல்லி, வெப்ப வகை. உங்க சாட்ஸ்வர்த் இருக்குற டர்பன்ல உறைபனியே கிடையாது, அதையும் இதையும் ஒப்பிடாதீங்க.

சாட்ஸ்வர்த் அக்கா
எங்க ஆயா அதைக் குவளைன்னுதான் சொல்லும்.

மீன்பித்தன்
குவளைன்னா டம்ளர் அக்கா.

குளத்துமணி
அகராதியைப் புரட்டுங்க. நீலம் குவளை, வெள்ளை ஆம்பல்.

பம்புக்காரன்
நீலம்னா நெய்தல்னு எங்க வாத்தியார் சொல்லிக்குடுத்தார்.

மீன்பித்தன்
என்னமோ போங்க. தம்பி, என்கிட்ட மெக்சிகோ மஞ்சள் அல்லி மண்டிக் கிடக்கு. ஒரு வாளி தரட்டுமா?

குளத்துமணி
அது இங்க ஆக்கிரமிப்புச் செடிப் பட்டியல்ல இருக்கு. குடுக்குறதும் தப்பு, வாங்குறதும் தப்பு. ஆத்துல கொண்டுபோய்க் கொட்டிடாதீங்க.

மீன்பித்தன்
பூவுக்குமா சட்டம்!

புதுக்குட்டை (ஜூன் 2)
பாதி கெட்டி, பாதி கொழகொழ. வெட்டி நட்டாச்சு. நன்றி. பம்பு இருக்கு, சொல்ல மறந்துட்டேன், இலை மேலதான் கொட்டிக்கிட்டு இருந்துச்சு.

பம்புக்காரன்
நான் அப்பவே கேட்டேன்.