சத்தமில்லாம பார்த்த சீரியல் சண்டை: உங்க அனுபவம் என்ன?

பென்னாகரம் ரோட்டுக்காரன்:
தர்மபுரில கல்யாண வீடியோ எடுக்கறவன் நான். ஆடி மாசம், கையில வேலை இல்ல. அம்மா ரூம் டிவில ஸ்பீக்கர் போச்சு. ரிப்பேருக்கு வர்றேன்னவர் நாலு நாளா வரல. அம்மா சீரியலை விடறதா இல்ல, ஊமைப்படமாவே பார்த்தாங்க. "என்னம்மா புரியுது?"ன்னேன். "மாமியா இன்னும் உட்காரல பாரு, கோவம் தணியல"ன்னாங்க.

அப்புறம்தான் நானும் கவனிச்சேன். கூடத்துல மகன் நாற்காலில உட்கார்ந்திருக்கான். மாமியார் பின்னாடி நின்னு நாற்காலி முதுகைப் புடிச்சிருக்காங்க. மருமக வாசப்படிக்கிட்ட. மகன் எழுந்து பொண்டாட்டி பக்கம் ரெண்டு அடி வச்சு நின்னுட்டான். இப்ப ஃப்ரேம்ல ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல காலி நாற்காலி. மாமியார் கை மட்டும் அதை விடல. அம்மா "போச்சு"ன்னாங்க. ஒரு வசனம் காதுல விழல, ஆனா வீடு ரெண்டாப் போனது தெரிஞ்சுது.

அடுத்த நிமிஷமே வழக்கமான மூணு ஜூம். இடிச் சத்தம் இல்லாம பார்த்தா கேமராவுக்கு விக்கல் வந்த மாதிரி இருந்துச்சு. குடும்பமே வரிசையா நின்னு ஒவ்வொருத்தரா முழிக்கிறாங்க. அரை மணி ஸ்லாட்டுக்கு தினம் ஒரு எபிசோட் தரணும். வரிசையா நிக்க வச்சா ஒரே லைட்டிங்ல எல்லார் ரியாக்‌ஷனும் எடுத்துடலாம், அந்தக் கஷ்டம் புரியுது. ஆனா அம்மா அந்த நேரம் பார்த்துத்தான் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாங்க.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:
அண்ணா, எங்க தோப்புல ஒரு யூனிட் ரெண்டு நாள் ஷூட்டிங் பண்ணாங்க. பங்காளிச் சண்டை சீன். "ஒரு மானிட்டர் பார்த்துடலாம்"னாங்க, நான் டிவிப் பெட்டியத் தேடினேன். ஒத்திகைக்குத்தான் அங்க அந்தப் பேராம்.

முதல் ஒத்திகைல அண்ணனும் தம்பியும் மூஞ்சிக்கு நேரா நின்னு கத்தினாங்க. டைரக்டருக்குப் பிடிக்கல. தம்பியா நடிச்சவர்கிட்ட, "அண்ணனைப் பார்க்காதீங்க சார், அந்தப் பெங்களூரா மாமரத்தைப் பார்த்துப் பேசுங்க"ன்னார். அவ்வளவுதான் மாத்தினது. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. எங்கப்பாவும் சித்தப்பாவும் வரப்புத் தகராறுல அப்படித்தான் பேசிக்குவாங்க.

அப்புறம் சஜஷன் ஷாட், அதாவது ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி இருந்து எதிராளியைக் காட்டறது. அண்ணன் தோள் பாதித் திரையை அடைச்சு நிக்குது, தம்பி முகம் மிச்ச இடத்துல ஒடுங்கிக் கிடக்குது. "பாகப்பிரிவினை பண்ணிக்கலாம்"ங்கற வசனம் வந்ததும் தோளை எடுத்துட்டாங்க. அங்கிருந்து ஆளுக்கொரு தனி க்ளோஸப். கேமரா அசிஸ்டென்ட் சொன்னார்: "இனி சீன் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல வர மாட்டாங்க."

சாப்பாட்டுக்கு அப்புறம் வெயில் திரும்பிடுச்சுன்னு கேமராவைக் கிணத்துக்கு அந்தாண்ட தூக்கி வச்சாங்க. "லைன் கிராஸ் ஆகுது"ன்னு ஒருத்தர் கத்தினார். ரெண்டு பேருக்கும் நடுவுல கயிறு கட்டினதா நினைச்சுக்கணும், கேமரா அதுக்கு ஒரே பக்கம்தான் இருக்கணுமாம். தாண்டி எடுத்ததைப் போட்டுக் காட்டினாங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கறாங்க. பங்காளிச் சண்டையாவே தெரியல, ரெண்டு பேரும் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி இருந்துச்சு!

ஊத்தங்கரை டீச்சர்:
கேமராவே இல்லாம எங்க ஊர் கூத்துல இதைப் பார்த்திருக்கேன். திரௌபதியம்மன் திருவிழா, ராத்திரி ரெண்டு மணிக்கு மேல துகில் உரியற கட்டம். துச்சாதனன் பாஞ்சாலியைத் தொடவே மாட்டான், சுத்திச் சுத்தி வருவான். சுத்துக்குச் சுத்து வட்டம் சின்னதாகிட்டே வரும். அரைத் தூக்கத்துல இருந்த பசங்ககூட நிமிர்ந்து உட்காருவாங்க. க்ளோஸப்புக்குப் பதிலா அந்த வட்டம்னு இப்பத் தோணுது.

பாலக்கோடு தம்பி:
1957ல வந்த '12 ஆங்ரி மென்' பாருங்க. 1954ல டிவி நாடகமா வந்த கதைதான். ஒரு கொலை வழக்குல பன்னெண்டு ஜூரிங்க தீர்ப்பு சொல்ல வாக்குவாதம் பண்றாங்க, கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே ரூம். டைரக்டர் சிட்னி லூமெட் முதல்ல கேமராவைக் கண் மட்டத்துக்கு மேல வச்சார், அப்புறம் கண் மட்டம், கடைசில அதுக்கும் கீழ. போகப் போக, பின்னாடி இருக்கறதைக் கிட்ட இழுத்துக் காட்டற நீளமான லென்ஸா மாத்தினார். சுவரும் கூரையும் நெருங்கி வர்ற மாதிரி இருக்கும்.

பென்னாகரம் ரோட்டுக்காரன்:
டீச்சர் சொன்ன வட்டம் தூங்க விடல. ஆவணில ஒரு ரிசப்ஷன். சீர் விஷயமா ரெண்டு சம்பந்திக்கும் மனக்கசப்பு. மேடைல யாரும் சத்தம் போடல. ஆனா பொண்ணோட தாய்மாமன் மேடை ஓரத்துலயே நின்னுட்டார். ஃபோட்டோவுக்குக் கூப்பிட்டாலும் அரை அடிதான் நகர்றார். க்ளோஸ் போகாம வைட்லயே வச்சு எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் ஒரு பக்கம், நடுவுல ரெண்டு ஆள் நிக்கற இடம் காலி, அப்புறம் அவர்.

எடிட் பண்ணிக் காட்டினப்ப பொண்ணோட அப்பா அந்த இடத்துல நிறுத்தச் சொன்னார். "இதை மட்டும் வெட்டிடு தம்பி."

"பாட்டுதானுங்க போட்டிருக்கேன், பேச்சே இல்லியே"ன்னேன்.

"பரவால்ல, வெட்டிடு."

வெட்டிட்டேன். ஒரிஜினல் இன்னும் ஹார்டு டிஸ்க்ல கிடக்குது.