அஸ்பார்டேம் வீடியோ: சித்தப்பாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

வணக்கம். டயட் கோலாவில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற செயற்கை இனிப்பான அஸ்பார்டேமைப் பற்றி "டயட் கோலாவில் கேன்சர்" என்று ஒரு வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு, சுகர் இருக்கிற சித்தப்பா மறுபடியும் காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை!

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை 2பி பிரிவில், அதாவது "புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உண்டு" என்ற பட்டியலில், சேர்த்தது உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவு ஆதாரத்தின் வலுவைத்தான் சொல்கிறது, ஆபத்தின் அளவை அல்ல. முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே பட்டியலில்தான். கூடவே இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 40 மி.கி. அஸ்பார்டேம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மாற்றவே இல்லை. வீடியோக்காரர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

இதை எளிய தமிழில் விளக்கும் நல்ல கட்டுரை, வீடியோ ஏதாவது தெரியுமா? டாக்டர்கள் இருந்தால், இப்படிச் செய்தி வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். "ஃபார்வர்டை நம்பாதே" என்றால் சித்தப்பா கேட்கிற ஆள் இல்லை.