பருக்குழிக்கு ஆர்எஃப் ஊசி: ஏழாயிரம் வெள்ளி கட்டலாமா?

செந்தூல்காரி
வணக்கம். பள்ளிக்கூட வயதில் வந்த பரு என் இரண்டு கன்னத்திலும் குழிகளை விட்டுப் போயிருக்கிறது. வீட்டுக் கண்ணாடியில் அவ்வளவாகத் தெரியாது. அலுவலக லிஃப்டில் தலைக்கு மேல் விளக்கு எரியும்போது ஒவ்வொரு குழியும் நிழல் கட்டி நிற்கிறது. ஆவணியில் எனக்குத் திருமணம். கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் ரேடியோ அலையோடு சேர்ந்த நுண்ணூசி சிகிச்சை, அதாவது ஆர்எஃப் மைக்ரோநீட்லிங், ஆறு தடவைக்கு ஏழாயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். தைப்பூசத்துக்குள் முழுப் பணமும் கட்டினால் ஏழாவது தடவை இலவசமாம். தகுமா? இன்னும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பரு வந்துகொண்டுதான் இருக்கிறது.

பட்டர்வொர்த் மாறன்
சிகிச்சை தகும். இடம் தகாது. நான் பினாங்கில் ஒரு தோல் நிபுணரிடம் செய்துகொண்டேன். மரப்புக் களிம்பைப் பூசி ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு முனை. அதில் வரிசையாக ஊசிகள். முகத்தில் வைத்து அழுத்தியதும் ஊசி இறங்கி, நுனியில் சூடு பாய்ந்து, வெளியே வந்துவிடும். கன்னத்தில் பொறுத்துக்கொள்ளலாம். மேலுதட்டிலும் தாடை எலும்பின் மேலும் கண்ணில் நீர் முட்டும். இரண்டு மூன்று நாள் சிவப்பு, அதன்பின் சில நாள் கைவைத்தால் சொரசொரப்பு. அவ்வளவுதான். என் அகன்ற குழிகளில் பாதிக்கு மேல் மேடேறிவிட்டது.
நம் மாநிறத் தோலுக்கு இதுதான் பொருத்தம். கார்பன் டை ஆக்சைடு லேசர் மேல்தோலையே சுட்டுச் சீவுகிறது. ஆறிய இடத்தில் கருமை படிவது நமக்கு அதிகம். ஆர்எஃப் ஊசி மேல்தோலைத் தாண்டிப்போய் உள்தோலில் 60, 70 டிகிரி சூட்டைத் தருகிறது. தோலைத் தாங்கும் புரத நாரான பழைய கொலாஜன் சுருங்கிப் புதியது வளர்கிறது.

ஜாலான் ஈப்போ வாசகன்
மாறன், 'பாதிக்கு மேல்' என்று அளந்தவர் யார்? பணம் கொடுத்த நீங்களா, பணம் வாங்கியவரா? கிளினிக்குகள் காட்டும் படங்களைக் கவனியுங்கள். முதல் படத்தில் பக்கவாட்டு விளக்கு, இரண்டாவதில் நேர் விளக்கு. நேர் வெளிச்சத்தில் எந்தக் குழியும் காணாமல் போகும்.
அதைவிடப் பெரிய கோளாறு, எல்லாத் தழும்புக்கும் ஒரே மருந்து என்று நீங்கள் பேசுவது. வாய் குறுகி ஆழமாக இறங்கிய ஐஸ்பிக் தழும்புக்கு ஆர்எஃப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதற்கு அடர்த்தியான டிசிஏ அமிலத்தைக் குச்சி முனையால் ஒவ்வொரு துளைக்குள்ளும் தொட்டு வைப்பார்கள். 2002 முதல் நடைமுறையில் இருக்கும் முறை. அலையலையாகத் தெரியும் ரோலிங் தழும்பு, பொத்தான் வைத்து இழுத்துத் தைத்த மெத்தை மாதிரி. அடியில் நார் பிடித்துக் கீழே இழுக்கிறது. நாரை அறுக்காமல் மேலே எத்தனை ஊசி குத்தினாலும் அது எழும்பாது. அறுக்கும் முறைக்குப் பெயர் சப்சிஷன். 1995இலேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. விளிம்பு கூர்மையான, ஆழமில்லாத பாக்ஸ்கார் தழும்புக்குத்தான் ஆர்எஃப் நன்றாகப் பேசும். தங்கையின் முகத்தில் இருப்பது எது என்று பார்ப்பதற்கு முன்பே ஆறு தடவை என்று விலை சொன்னால் அது வியாபாரம்.

பட்டர்வொர்த் மாறன்
ஒரே முகத்தில் மூன்று வகையும் கலந்துதான் இருக்கும், ஐயா. எனக்கும் சப்சிஷன் செய்தார்கள், அதே நாளிலேயே. ஒன்றுக்கு ஒன்று பகையில்லை. ஆர்எஃப் பயனற்றது என்ற தோரணையில் எழுதுவதைத்தான் ஏற்க மாட்டேன்.

ஜாலான் ஈப்போ வாசகன்
அப்படியானால் உங்கள் கன்னத்தை மேடேற்றியது சப்சிஷனா, ஆர்எஃப்பா? இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.
என் அத்தை மகள் கிள்ளானில் ஒரு நிலையத்தில் இதே சிகிச்சை செய்துகொண்டாள். ஊசி வரிசை அப்படியே கட்டம் கட்டமாகக் கரும்புள்ளியாகப் பதிந்து, மாதக்கணக்கில் முகத்தில் இருந்தது.

பட்டர்வொர்த் மாறன்
அது இயக்கியவரின் கைக்கோளாறு. கருவி என்ன செய்யும்?

ஜாலான் ஈப்போ வாசகன்
நன்றாக வந்தால் கருவிக்குப் புகழ், கெட்டால் கைக்குப் பழி. வசதியான கணக்கு.

தாதி அக்கா
இரண்டு தம்பிகளும் சற்று மூச்சு விடுங்கள். தோல் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.
செந்தூல்காரி, நல்ல மருத்துவர் முதலில் கருவியைத் தொட மாட்டார். விளக்கைப் பக்கவாட்டில் திருப்புவார். குழியின் இருபுறமும் விரலை வைத்துத் தோலை மெல்ல இழுப்பார். இழுத்ததும் குழி மறைந்தால் ஒரு வகை, மறையாமல் அடிப்பகுதி வெள்ளையாகவோ கூர்மையாகவோ நின்றால் வேறு வகை. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும். அழகு நிலையத்தில் உங்கள் கன்னத்தை யாராவது இப்படி இழுத்துப் பார்த்தார்களா?
கரும்புள்ளி பற்றி: தண்டில் உறை போட்ட ஊசிகளில் நுனியில் மட்டும் மின்சூடு பாயும், மேல்தோல் தப்பும். உறையில்லாதவையும் உண்டு. ஆழம் அரை மில்லிமீட்டரிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் வரை மாற்றலாம். கன்னத்துக்கு வைத்த ஆழத்தை நெற்றிப்பொட்டுக்கும் வைத்தால் சூடு கொழுப்புக்குள் போய்விடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2025 அக்டோபரில் இந்தக் கருவிகளைப் பற்றியே எச்சரிக்கை விடுத்தது: தீக்காயம், தழும்பு, கொழுப்பு கரைந்து முகம் ஒடுங்குவது, நரம்புச் சேதம் என்று புகார்கள் வந்திருக்கின்றன. இதை அழகுப் பராமரிப்பாக நினைக்காதீர்கள், மருத்துவச் சிகிச்சை என்று அவர்களே சொல்கிறார்கள்.
நம் நாட்டிலும் அழகியல் சிகிச்சை செய்யும் மருத்துவருக்குச் சுகாதார அமைச்சின் எல்சிபி சான்று வேண்டும். பதிவில்லாத இடத்தில் கிளினிக் நடத்தினால் 1998ஆம் ஆண்டின் 586ஆம் சட்டமான தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி மூன்று லட்சம் வெள்ளி வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.
இன்னொன்று. பரு இன்னும் வருகிறது என்றீர்கள். முதலில் அதை நிறுத்த வேண்டும். பொங்கும் பருவின் மேல் ஊசி இறக்கக் கூடாது. மருத்துவர் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை தரலாம் என்றால் ஆவணித் திருமணத்தை மறக்காமல் சொல்லுங்கள். கருவிலிருக்கும் குழந்தைக்குக் கடும் ஊனம் விளைவிக்கும் மருந்து அது; நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை கர்ப்பம் கூடவே கூடாது. மாத்திரை நிறுத்தி ஆறு மாதம் காத்திருந்துதான் ஊசி என்ற பழைய விதியை 2017இல் நிபுணர் குழுக்கள் தளர்த்திவிட்டன. அதையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். புண் ஆறிய இடம் தடித்து மேடாக வளரும் கீலாய்டு தழும்பு வரும் உடம்பு என்றாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெரியவர் பத்துமலை
எனக்கு இந்தப் பேச்சே விளங்கவில்லை. எங்கள் காலத்தில் பெரியம்மைத் தழும்போடு மணமேடை ஏறியவர்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் குழியை எண்ணிப் பார்த்தா பெண் எடுக்கிறார்கள்? ஏழாயிரத்துக்கு நகை வாங்கு மகளே.

செந்தூல்காரி
பெரியப்பா, மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சம்பாதித்த பணம், நான் தினமும் பார்க்கும் முகம். நகை பெட்டிக்குள் இருக்கும்.

ஜாலான் ஈப்போ வாசகன்
சரியான பதில். ஆனால் கணக்கைப் பாருங்கள், தங்கை. ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் நான்கிலிருந்து ஆறு வாரம் இடைவெளி. ஆறு தடவை முடிய ஐந்திலிருந்து ஏழு மாதம். கடைசித் தடவைக்குப் பிறகு கொலாஜன் வளர மூன்றிலிருந்து ஆறு மாதம். இப்போது தை. ஏழாவது இலவசத்தைத் தாலி கட்டிய பிறகா செய்வார்கள்?

பட்டர்வொர்த் மாறன்
இதில் ஜாலான் ஈப்போவோடு ஒத்துப்போகிறேன். இரண்டு மூன்று தடவைதான் அடங்கும். அதற்குள் நல்ல மாற்றம் வரலாம். குழி அடியோடு மறையும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தாதி அக்கா
தைப்பூசத்தன்று பத்துமலை வெயிலில் பால்குடம் எடுப்பதாக இருந்தால் அதற்கு முன் செய்யவே வேண்டாம். ஊசி இறங்கிய தோலில் வெயில் பட்டால்தான் கருமை தேடி வரும். நலங்கு மஞ்சளுக்கும் அதே பேச்சு. புண் முழுதாக ஆறிய பிறகுதான். கடைசித் தடவை வைகாசியோடு நிற்கட்டும்.

செந்தூல்காரி
அழகு நிலையத்தை அழைத்து எல்சிபி சான்றுள்ள மருத்துவர் யார் என்று கேட்டேன். 'எங்கள் ஆலோசகர் கொரியாவில் பயிற்சி பெற்றவர்' என்றார்கள். மருத்துவரா என்றால் பேச்சை மாற்றுகிறார்கள். வேறிடத்தில் தோல் நிபுணரிடம் நாள் வாங்கிவிட்டேன். அழகு நிலையத்தில் ஏற்கெனவே கட்டிய ஐந்நூறு வெள்ளி முன்பணத்தைத் திருப்பித் தர முடியாதாம்.

பெரியவர் பத்துமலை
அதை விடாதே. ரசீது இருக்கிறதா? பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடு. கட்டணம் ஐந்து வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ஐம்பதாயிரம் வெள்ளி வரை விசாரிக்கிறார்கள். படிவத்தை நிரப்பத் தெரியாவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு, நான் நிரப்பித் தருகிறேன்.